கட்சிக் கணக்கும் மனக் கணக்கும்



தேர்தல் நெருங்க நெருங்க நாட்டிலே கணக்குகள் பெருகுகின்றன. இன்ன வகுப்பார் இத்தனை இலட்சம், இன்ன மொழியார் இத்தனை ஆயிரம், இன்ன தொழிலார் இத்தனை பேர் என்று கூட்டிப் பெருக்கி, ஆகவே வெற்றி இன்னாருக்கே என்று முடிவு கூறுவோர் எங்கும் உளர். செய்தித்தாளிலும் தொலைக்காட்சியிலும் மட்டுமன்று. தேநீர்க்கடையிலும் பேருந்திலுங்கூட இக்கணக்கு நடைபெறுகின்றது. பெங்களூருவில் வாழும் தமிழராகிய நாமும் அதில் ஓர் எண்ணாக அமைகின்றோம். "அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் தமிழர் மிகுதி, அவர்கள் வாக்கு மொத்தமாக இந்தப் பக்கம்" என்று, நம்மைக் கேளாமலே நம் கருத்து எழுதப்பட்டு விடுகின்றது.

மக்களின் மனப்போக்கை முன்னரே அறிய விரும்புவது குற்றமன்று. ஆட்சிக்கு வர விழைவோர் மக்கள் எண்ணத்தை அறிந்திருத்தல் நன்றே. ஆயின், ஒருவரின் கருத்தை அறிவது வேறு; அவர்மீது ஒட்டப்பட்ட பெயரை எண்ணுவது வேறு. முன்னதற்கு அவரைக் கேட்க வேண்டும்; பின்னதற்குக் கேட்க வேண்டுவதில்லை. இவ்விரண்டையும் ஒன்றென மயங்கியதால் நாட்டின் பெருந்தலைவர்களே கணக்குத் தவறிய தேர்தல் ஒன்று உண்டு. அது கருக்கொண்ட இடமும் நம் பெங்களூரே. 1969ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் தேர்தலைத்தான் குறிப்பிடுகின்றேன்.

அவ்வாண்டு மே 3ஆம் நாள் குடியரசுத் தலைவர் டாக்டர் ஜாகிர் உசேன் பதவியில் இருக்கும்போதே காலமானார். துணைத்தலைவராக இருந்த வி. வி. கிரி தற்காலிகமாக அப்பொறுப்பை ஏற்றார். கிரி நம் நகரத்தாருக்குப் புதியவரல்லர். 1965 முதல் 1967 வரை மைசூர் மாநில ஆளுநராக இங்கே இருந்தவர். அதற்கு நெடுங்காலம் முன்னரே, 1937இல் அமைந்த இராஜாஜியின் சென்னை மாகாண அமைச்சரவையில் தொழிலாளர் துறையைக் கவனித்தவர்.

ஜூலைத் திங்களில் அகில இந்தியக் காங்கிரசுக் குழு லால்பாகின் கண்ணாடி மாளிகையில் கூடியது. மலர்க்காட்சிக்கு நாம் குழந்தைகளுடன் செல்லும் அதே மாளிகைதான். மைசூர் மாநிலத்தின் முன்னாள் முதலமைச்சர் எஸ். நிஜலிங்கப்பா அப்பொழுது காங்கிரசுத் தலைவர். அக்கூட்டத்தையொட்டி இந்நகரிலே கூடிய காங்கிரசு ஆட்சிமன்றக் குழு, கட்சியின் வேட்பாளர் யார் என்பதை முடிவு செய்தது. பிரதமர் இந்திரா காந்தி ஜகஜீவன்ராமை விரும்பினார். காமராசர், மொரார்ஜி தேசாய், எஸ். கே. பாட்டீல், ஒய். பி. சவாண் ஆகியோர் நீலம் சஞ்சீவ ரெட்டியை விரும்பினர். பெரும்பான்மை ரெட்டியார் பக்கமே நின்றது. பிரதமரும் அம்முடிவுக்கு இணங்கி, ரெட்டியாரின் வேட்பு மனுவை முன்மொழிந்து கையொப்பமிட்டார்.

கிரியோ, எக்கட்சியின் வேட்பாளராகவும் அன்றித் தனித்து நிற்கத் துணிந்து, ஜூலை 20ஆம் நாள் தம் பதவியைத் துறந்தார். சுதந்திராக் கட்சியும் ஜனசங்கமும், முன்னர் நிதியமைச்சராக இருந்த சி. டி. தேஷ்முக்கை ஆதரித்தன. வேறு சிலரும் மனுச் செய்திருந்தனர் எனினும் உண்மையான போட்டி இம்மூவருக்கும் இடையிலேதான்.

ஈண்டு இத்தேர்தலின் முறையைச் சிறிது நினைவுகூர்தல் நலம். குடியரசுத் தலைவரைப் பொதுமக்கள் நேரே தேர்ந்தெடுப்பதில்லை. பாராளுமன்றத்தின் இரு அவைகளுக்கும் மாநிலச் சட்டசபைகளுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களே வாக்காளர்கள். ஒவ்வொரு வாக்கிற்கும் ஒரு மதிப்பு உண்டு. மாநிலத்தின் மக்கள் தொகையையும் உறுப்பினர் எண்ணிக்கையையும் கொண்டு அது கணக்கிடப்படும். 2022ஆம் ஆண்டுத் தேர்தலில் தமிழ்நாட்டுச் சட்டசபை உறுப்பினர் ஒருவரின் வாக்கு மதிப்பு 176. கர்நாடக உறுப்பினருக்கு 131. பாராளுமன்ற உறுப்பினருக்கு 700. வாக்குச் சீட்டில் ஒருவர் பெயருக்கு எதிரே முத்திரை இடுவதில்லை. முதலில் யார், அவர் இல்லையெனில் யார் என்று 1, 2, 3 என விருப்ப வரிசையை எழுத வேண்டும். முதல் விருப்பத்திலேயே ஒருவர் பாதிக்கு மேல் பெற்றுவிட்டால் தேர்தல் முடிந்தது. இல்லையேல், கடைசியில் நிற்பவர் ஒவ்வொருவராக நீக்கப்படுவர். அவரை முதலிற் குறித்தோரின் அடுத்த விருப்பம் எஞ்சியோர்க்குச் சேர்க்கப்படும்.

இத்தகைய தேர்தலில் வாக்காளரின் மனப்போக்கை அறிவது மிக எளிது என்றே எவரும் எண்ணுவர். கோடிக்கணக்கானவரைத் தேடி அலைய வேண்டுவதில்லை. வாக்காளர் சில ஆயிரவரே. அவர்களின் பெயர் தெரியும், ஊர் தெரியும், கட்சி தெரியும். கட்சிவாரியாக எழுதிக் கூட்டினால் விடை வந்துவிடும் அன்றோ? அன்று பலரும் அவ்வாறே கூட்டினர். காங்கிரசின் உறுப்பினர் அனைவரும் காங்கிரசின் வேட்பாளருக்கே வாக்களிப்பர் என்று கொண்டால், ரெட்டியாரின் வெற்றியில் ஐயத்திற்கு இடமே இருந்திராது.

ஆனால் வேட்பாளரை முடிவு செய்ததற்கும் வாக்களிப்பிற்கும் இடையே ஐந்து வாரங்கள் இருந்தன. அந்த ஐந்து வாரங்களில் நாட்டின் காற்றே மாறிவிட்டது. ஜூலை 16ஆம் நாள் பிரதமர், மொரார்ஜி தேசாயிடமிருந்து நிதித்துறையைத் தாமே எடுத்துக்கொண்டார். ஜூலை 19ஆம் நாள் பதினான்கு பெரிய வங்கிகள் அவசரச் சட்டத்தின் வழியாக நாட்டுடைமை ஆக்கப்பட்டன. அச்சட்டத்தில் ஒப்பமிட்டவர், மறுநாள் பதவி துறக்கவிருந்த கிரியே. பிரதமரின் இல்லத்தின்முன் மக்கள் திரள் திரளாகக் கூடி மகிழ்ச்சி தெரிவித்தனர். வாக்களிக்கும் உரிமை பொதுமக்களுக்கு இல்லை எனினும், உரிமை பெற்றிருந்த உறுப்பினர்கள் மறுதேர்தலில் அம்மக்களிடமே செல்ல வேண்டியவர்கள் அல்லரோ?

இதற்கிடையே, தேஷ்முக்கை ஆதரிப்போரின் இரண்டாம் விருப்பத்தை ரெட்டியாருக்குப் பெறவேண்டும் என்று நிஜலிங்கப்பா ஜனசங்க, சுதந்திராத் தலைவர்களுடன் பேசினார். கணக்கின்படி அது தேவையான செயலே. ஆயின் காங்கிரசுக்குள்ளேயே அது பெரும் மனக்கசப்பை விளைவித்தது. உறுப்பினர் ஒவ்வொருவரும் தத்தம் மனச்சான்றின்படி வாக்களிக்கலாம் என்ற குரல் எழுந்தது. இறுதியில் பிரதமரே அவ்வாறு கூறினார். கட்சிக் கொறடாவின் கட்டளை என்று ஒன்றும் பிறக்கவில்லை.

ஆகஸ்டு 16ஆம் நாள் வாக்களிப்பு நடந்தது. 20ஆம் நாள் எண்ணினர். முதல் விருப்பத்தில் கிரி பெற்ற மதிப்பு 4,01,515. ரெட்டியார் பெற்றது 3,13,548. தேஷ்முக் பெற்றது 1,12,769. வெற்றிக்கு வேண்டியதோ 4,18,169. முன்னணியில் நின்ற கிரிக்கும் 16,654 குறைந்தது. ஆகவே இரண்டாம் விருப்பங்களை எண்ண நேர்ந்தது. அதன் முடிவில் கிரி 4,20,077, ரெட்டியார் 4,05,427. அடுத்த விருப்பங்களால் கிரிக்குச் சேர்ந்தது 18,562 மட்டுமே. ரெட்டியாருக்குச் சேர்ந்ததோ 91,879. நிஜலிங்கப்பா நாடிய இரண்டாம் விருப்பம் பெருமளவு வந்தே சேர்ந்தது. வாராது போனவை, தம்முடையவை என்று கேளாமலே எழுதிவைத்த முதல் விருப்பங்கள்தாம். அயலார் வாக்கைக் கேட்டுப் பெற்றனர்; சொந்த வீட்டாரின் வாக்கைக் கேளாமல் இழந்தனர். வெற்றிக்கு வேண்டிய அளவைக் கிரி கடந்தது வெறும் 1,908 மதிப்பினால். அவ்வாண்டு நவம்பரில் காங்கிரசு இரண்டாகப் பிளந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய மற்றொன்று உண்டு. அத்தேர்தலில் தமிழர் எப்பக்கம் நின்றனர்? காமராசர் ரெட்டியாருக்காக நின்றார். கலைஞர் கருணாநிதியின் தலைமையில் தமிழ்நாட்டை ஆண்ட தி.மு.க. கிரியை ஆதரித்தது. இராஜாஜி நிறுவிய சுதந்திராக் கட்சி தேஷ்முக்கை ஆதரித்தது. வேட்பாளர் மூவர், மூவர் பின்னும் தமிழர் இருந்தனர். "தமிழர் வாக்கு" என்று அன்று எவரேனும் ஒரு மூட்டையாகக் கட்டியிருந்தால், அம்மூட்டை அவிழ்ந்து மூன்று திசையிலும் சிதறியிருக்கும்.

பெயரை எண்ணுவது பயனற்றது எனில், கேட்டறிவதே வழி. ஆனால் கேட்பதற்கும் முறை உண்டு. யாரைக் கேட்பது, எப்பொழுது கேட்பது, என்ன கேட்பது என்னும் மூன்றிலும் உலகம் அடிபட்டே பாடம் கற்றது.

யாரைக் கேட்பது என்பதற்கு 1936ஆம் ஆண்டின் அமெரிக்கத் தேர்தல் சான்று. லிட்டரரி டைஜெஸ்ட் என்னும் வார இதழ் ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச் சீட்டு அனுப்பியது. இருபது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் விடை எழுதினர். அவற்றைக் கூட்டி, லாண்டன் என்பவரே குடியரசுத் தலைவர் ஆவார் என்று அறிவித்தது. முடிவிலே ரூஸ்வெல்ட் இரண்டே மாநிலங்கள் நீங்கலாக எல்லாவற்றிலும் வென்றார். சீட்டு அனுப்பப்பட்ட முகவரிகளுள் பெரும்பாலானவை தொலைபேசியும் மோட்டாரும் வைத்திருந்தோருடையவை. விடை எழுதியோரோ அவர்களுள்ளும் ஒரு பகுதியினரே. அதே தேர்தலில் ஜார்ஜ் காலப் என்பவர் மிகச் சிறிய எண்ணிக்கையினரைப் பலதிறத்தாரிடையே தேர்ந்து கேட்டு, ரூஸ்வெல்ட் வெல்வார் என்று சரியாகக் கூறினார். எத்தனை பேர் என்பதைவிட எத்தகையோர் என்பதே முதன்மையானது.

எப்பொழுது கேட்பது என்பதற்கு அதே காலப் சான்று. 1948இல் தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்னரே அவர் கேட்பதை நிறுத்திக்கொண்டார். டூயி வெல்வார் என்றார். வென்றவர் ட்ரூமன். வாக்காளர் மனம் கடைசி நாள் வரை அசையக்கூடியது. பெங்களூர் முடிவுக்குப்பின் வந்த ஐந்து வாரங்களில் நம் நாட்டில் நிகழ்ந்ததும் அதுவே.

என்ன கேட்பது என்பதற்கு நம் அண்டை நாடான இலங்கை சான்று. அங்கே மக்கள் நேரே சனாதிபதியைத் தேர்ந்தெடுக்கின்றனர். விருப்ப வரிசையும் குறிக்கலாம். 2024 செப்டம்பர் 21ஆம் நாள் நடந்த தேர்தலில் அநுர குமார திசாநாயக்க 42.31 விழுக்காடும், சஜித் பிரேமதாச 32.76 விழுக்காடும் பெற்றனர். எவரும் பாதியைக் கடவாமையால், அந்நாட்டு வரலாற்றிலே முதன்முறையாக அடுத்த விருப்பங்களை எண்ணினர். அதன்பின்னரே திசாநாயக்கவின் வெற்றி உறுதியாயிற்று. "உங்கள் வாக்கு யாருக்கு?" என்பதோடு நில்லாது, "அவர் இல்லையெனில் யாருக்கு?" என்றும் கேட்டவரே அத்தகைய தேர்தலின் மனக் கணக்கை முழுதும் அறிவார்.

அதே தேர்தலில், தமிழர்க்கெனப் பொது வேட்பாளராகப் பா. அரியநேத்திரன் நிறுத்தப்பட்டார். யாழ்ப்பாண மாவட்டத் தமிழர் அவருக்கே வாக்களித்துவிடவில்லை. அங்கே முதலில் வந்தவர் சஜித் பிரேமதாச, அரியநேத்திரன் இரண்டாமவர், திசாநாயக்க நான்காமவர். எட்டு வாரங்களுக்குள், நவம்பர் 14ஆம் நாள் பாராளுமன்றத் தேர்தல் நடந்தது. அதே மாவட்டத்தில் திசாநாயக்கவின் கட்சி முதலிடம் பெற்று, ஆறு இடங்களுள் மூன்றை வென்றது. மொழியைக் கொண்டோ, முந்திய தேர்தலைக் கொண்டோ மனத்தை அளந்தவர் அங்கும் ஏமாந்தனர்.

இனி நம் நகருக்கு வருவோம். பெங்களூருத் தமிழரின் கருத்து இதுவென்று ஒரு கணிப்பு வெளிவரின் அதனை எங்ஙனம் படிப்பது? ஓர் எளிய கணக்கு உதவும். முறையாகத் தேர்ந்த ஆயிரம் பேரைக் கேட்டால், கிடைக்கும் விழுக்காடு உண்மையினின்று ஏறத்தாழ மூன்று புள்ளி கூடவோ குறையவோ இருக்கலாம். இது கணித நூலார் கூறும் பொது விதி. அந்த ஆயிரவருள் தமிழர் ஐம்பதின்மர் என்று கொள்வோம். அவ்வைம்பதின்மரைக் கொண்டு தமிழர் கருத்தைக் கூறினால், பிழை பதினான்கு புள்ளி வரை செல்லும். ஐம்பதின்மருள் 55 விழுக்காடு ஒரு கட்சிக்கு என்றால், உண்மை 41ஆகவும் இருக்கலாம், 69ஆகவும் இருக்கலாம். வெற்றியும் தோல்வியும் அந்த இடைவெளிக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. ஆதலின் கணிப்பைப் படிக்கும்போது, எத்தனை பேரைக் கேட்டனர், எந்நாளில் கேட்டனர், பணம் கொடுத்துக் கேட்கச் செய்தவர் யார் என்னும் மூன்றையும் தேடிப் பாருங்கள். இம்மூன்றும் கூறப்படாத கணிப்பு கணிப்பன்று, விளம்பரம்.

கேட்க வருவோரும் நம்மவரும் சேர்ந்து செய்யும் குறைகளும் சில உள. வேலை நாளில் பகற்பொழுதில் வருவோர்க்கு, தொழிற்சாலைக்கும் அலுவலகத்திற்கும் சென்றவர் கிடைப்பதில்லை. கன்னடமோ ஆங்கிலமோ மட்டும் பேசுவோர்க்கு, ஊரிலிருந்து அண்மையில் வந்த பாட்டியின் கருத்துக் கிடைப்பதில்லை. வாடகை வீட்டார் ஆண்டுக்கொரு தெருவாக மாறுவதால் அவர்கள் பட்டியலிலேயே அகப்படுவதில்லை. அகப்பட்ட வீட்டிலோ, எல்லோருக்குமாகக் குடும்பத் தலைவரே விடை கூறி விடுகின்றார். இல்லத்தரசியும் கல்லூரி செல்லும் மகளும் அவர் சொல்லும் கட்சிக்கே உரியவர் என்று எழுதப்படுகின்றனர். தெருவார் நம்மை ஒரு மூட்டையாகக் கட்டுவது தவறு என்று குறை கூறும் நாம், வீட்டுக்குள்ளே அதே மூட்டையைக் கட்டலாமோ?

இன்னொரு குறை அச்சத்தால் வருவது. "வெளியூர்க்காரர் நமக்கு எதற்கு வம்பு?" என்று கருதி, வந்தவர் முகம் பார்த்து அவர் மகிழும் விடையைக் கூறி அனுப்புவோர் நம்மிடையே உளர். அவர்களைக் கடிந்து பயனில்லை. அயலூரில் பிழைக்க வந்தோர்க்கு எச்சரிக்கை இயல்பே. ஆயின் அச்சத்திற்குத் தேவையில்லை. வாக்கு இரகசியமானது. யாருக்கு வாக்களித்தாய் என்று நீதிமன்றத்தில் சாட்சி கூறுவோரையும் கட்டாயப்படுத்திக் கேட்கலாகாது என்று 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் கூறுகின்றது. நீதிமன்றத்திற்கே கூற வேண்டாததை வாயிலில் நிற்பவர்க்குக் கூறியே தீர வேண்டும் என்பதில்லை. கூற விருப்பமில்லையெனில், "சொல்ல விரும்பவில்லை, தம்பி" என்று இன்முகத்தோடு மறுத்துவிடலாம். கூறுவதாயின் மெய்யையே கூறுக. மறுத்த விடையால் கணக்கில் ஓர் இடம் வெற்றாகும், அவ்வளவே. பொய் விடையாலோ, நம் தெருவின் குடிநீரும் சாக்கடையும் பள்ளிக்கூடமும் பற்றி நாம் என்ன எண்ணுகின்றோம் என்பதே திரிந்துவிடும். கேட்பவர் எந்த வேட்பாளர் என்று கேட்டால், எந்தக் குறை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதனை எழுதிக்கொள்ள அவர் தாளில் இடமில்லையெனில், அக்கணிப்பின் நோக்கம் என்ன என்பது அப்பொழுதே விளங்கிவிடும்.

எல்லாவற்றிற்கும் மேலாக, கருத்து இருந்து பட்டியலில் பெயர் இல்லாவிடின் அக்கருத்து வாக்காகாது. ஊரில் ஒரு பெயர், இங்கே ஒரு பெயர் என இரு தொகுதிகளில் பதிந்திருப்பது சட்டத்திற்கு மாறானது. இரண்டு இடத்திலும் இல்லாதிருப்பது அதனினும் இழப்பு. வழக்கமாக வாழும் இடத்திலேயே பெயரைப் பதிந்து கொள்ளுங்கள். முதன்முறை பதிவோர்க்குப் படிவம் 6; வீடு மாறினோர்க்குப் படிவம் 8. பதினெட்டு நிரம்பிய பிள்ளைகள் உள்ள வீட்டார் இதனை இத்திங்களே செய்து முடித்தல் நன்று. படிவம் நிரப்பத் தெரியாத அண்டை வீட்டாருக்கு உதவுவதும் சங்கத் தொண்டே ஆகும்.

1969இல் தவறியவர்கள் அறிவிலிகள் அல்லர். நாட்டுக்கு உழைத்த பெரியோர். கட்சிப் பெயரை அறிந்ததனால் மனத்தையும் அறிந்ததாக எண்ணிய ஒன்றே அவர்தம் கணக்கைக் கெடுத்தது. அன்று தோற்ற சஞ்சீவ ரெட்டியார் 1977இல் போட்டியின்றியே குடியரசுத் தலைவரானார். அவருக்குக் காலம் மறுமுறை வாய்த்தது. நமக்கு ஒவ்வொரு தேர்தலும் ஒரு முறையே வரும். நம் கருத்தைப் பிறர் ஊகித்து எழுதும் முன், வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் தத்தம் கருத்தைத் தாமே எண்ணித் தெளிந்து வைத்திருப்போமாக.